அளந்து பார்த்த பிறகே கழற்றும் கராஜ்: டிக்கோயா வீதியில் எயார் சஸ்பென்ஷன் பரிசோதனை

ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குச் செல்லும் வீதியில், பெருந்தெருவை விட்டுச் சற்றுக் கீழே இறங்கினால், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கராஜ் இருக்கிறது. எயார் சஸ்பென்ஷன், அதாவது சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் தாங்கும் அமைப்பு, உள்ள வாகனத்தை மலையகத்தில் ஓட்டுபவர்கள், உயரக் கட்டுப்பாட்டில் கோளாறு என்று விளக்கு காட்டியவுடன் கொழும்புக்குப் புறப்படாமல், முதலில் இங்கே காட்ட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். இங்கே எந்தப் பாகத்தையும் அளந்து பார்க்காமல் கழற்றுவதில்லை. இந்த வேலையில் அந்த ஒழுங்கு இப்போது அரிதாகிவிட்டது.

எங்கள் வாகனம் 2006ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா லேண்ட் குரூசர் பிராடோ, 120 வரிசை. தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு பழைய தோட்டப் பங்களாவை விடுதியாக நடத்திவரும் நாங்கள், நானுஓயா ரயில் நிலையத்தில் வந்திறங்கும் விருந்தினரையும் அவர்களுடைய பெட்டிகளையும் இதில்தான் ஏற்றி வருகிறோம். முன்பக்கம் வழக்கமான சுருள்வில் இருக்க, பின்பக்கத்தில் மட்டும் சுருள்வில்லுக்குப் பதிலாக இரண்டு காற்றுப் பைகள் உள்ளன. சட்டகத்துக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தை இருபுறமும் ஒவ்வொரு சென்சர் அளந்து சொல்ல, அதைக் கேட்டு ஒரு கட்டுப்பாட்டுக் கணினி காற்றை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. சுமை ஏறினாலும் வாகனத்தின் பின்பகுதி தாழாமல் இருப்பது இதனால்தான். எனவே சென்சர் பொய் சொன்னால், காற்றுப் பை, காற்றை அழுத்தி ஏற்றும் கம்ப்ரசர், வால்வு எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் வாகனம் தவறான உயரத்தில்தான் நிற்கும்.

எங்களுக்கு வந்த கோளாறு இதுதான். மழை பெய்த நாட்களில் உயரக் கட்டுப்பாட்டின் ‘ஓஃப்’ விளக்கு மினுமினுக்கத் தொடங்கும். உயரத்தை மாற்றும் சுவிட்ச் வேலை செய்யாது. வெயில் காய்ந்து வாகனம் உலர்ந்ததும், எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கினால் எல்லாம் சரியாகிவிடும். இதனுடன் இன்னொன்றும் இருந்தது. வாகனம் இடதுபக்கம் மெல்லச் சாய்ந்து நிற்பதுபோல் பின்னால் வந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொழும்பில் ஒரு சேவை நிலையத்தில் காட்டினோம். அவர்கள் வாகனக் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, சி1713 என்ற பிழைக்குறியைக் கண்டு, அது பின் வலது உயரச் சென்சருக்கு உரியது என்று சொல்லி, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய, ஏற்கெனவே பயன்படுத்திய சென்சர் ஒன்றைப் பொருத்தித் தந்தார்கள். கம்ப்ரசரும் பலவீனமாக இருப்பதாகவும் அதையும் மாற்றுவது நல்லது என்றும் கூறினார்கள். திரும்பி வரும் வழியில் கினிகத்தேனைப் பகுதியில் பிடித்த மழையிலேயே விளக்கு மறுபடியும் மினுமினுத்தது.

டிக்கோயா வீதிக் கராஜை நடத்துபவரை எல்லோரும் ‘பாஸ்’ என்றே அழைக்கிறார்கள். நடுவயதைத் தாண்டியவர், தோட்டத்து லொறிகளிலும் டிரக்டர்களிலும் தொடங்கி, பின்னர் மின்னணுப் பக்கம் வந்தவர். வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தியதும் ஸ்கேனரைத் தேடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முதலில் கேட்டது இதை: “ராத்திரி நிறுத்தி வச்சா காலையில பின்பக்கம் எறங்கி இருக்கா தம்பி, இல்ல ஓடுறப்ப மட்டும் சாயுதா?” இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதைப் பின்னர் விளக்கினார். எஞ்சினை அணைத்து இரவு முழுவதும் நிறுத்திய வாகனம் காலையில் தாழ்ந்திருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றுக் கசிவையே. சவர்க்கார நீரைத் தெளித்துப் பைகளையும் குழாய்களின் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். இரவில் அசையாமல் நின்று, ஓடும்போது மட்டும் தவறான உயரத்துக்குப் போனால், அப்போது அந்த உயரத்தைத் தீர்மானிக்கும் சென்சரையும் அதன் வயரிங்கையும் பார்க்க வேண்டும். மழையோடு வந்து வெயிலோடு போகும் கோளாறு என்றால், பெரும்பாலும் எங்கோ நீர் புகும் மின் இணைப்பு.

அடுத்து அவர் கையில் எடுத்தது தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஓர் அளவுநாடா. சமதரையில் வாகனத்தை நிறுத்தி, பின் சக்கரங்களின் நடுமையத்திலிருந்து மேலே சக்கர வளைவின் விளிம்பு வரை இருபுறமும் அளந்து, சுவரில் சோக்கட்டியால் எழுதினார். சக்கரத்தின் மையத்திலிருந்து அளப்பதற்குக் காரணம் உண்டு. தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். மையத்திலிருந்து அளந்தால் சஸ்பென்ஷனின் உயரம் மட்டுமே தெரியும். இடதுபக்க அளவு வலதைவிடக் குறைவாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் சொன்னது உண்மைதான்.

அதன் பிறகே ஸ்கேனர் வந்தது. பிழைக்குறியைப் பார்த்து முடித்துவிடாமல், சென்சர்கள் அந்தக் கணத்தில் என்ன உயரத்தைச் சொல்கின்றன என்ற நேரடித் தரவைத் திறந்தார். இடது, வலது இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம் என்று திரை சொன்னது. சுவரிலோ இரண்டும் வேறு வேறு. இந்த முழுச் சேவையிலும் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டத்தைத்தான். கணினியைப் பொறுத்தவரை வாகனம் நேராகவே நிற்கிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. அளவுநாடாவோ இல்லை என்கிறது. இரண்டும் முரண்பட்டால் நாடாவை நம்ப வேண்டும், சென்சர்களில் ஒன்று தவறான செய்தி தருகிறது என்று கொள்ள வேண்டும். ஆனால் தவறான செய்தி தந்தது என்று பின்னர் தெரிந்த இடது சென்சருக்குப் பிழைக்குறி எதுவுமே பதிவாகியிருக்கவில்லை. பதிவான குறியோ வலது சென்சருக்கு உரியது. ஆக, ஒரே வாகனத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் இருந்தன. ஸ்கேனரை மட்டும் நம்பியவர்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள், மற்றதைக் காணவே இல்லை.

இது ஏன் நிகழ்கிறது என்பதை வாகனம் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்வது அவசியம். இத்தகைய சென்சருக்குப் பொதுவாக மூன்று கம்பிகள் செல்கின்றன: 5 வோல்ட் மின்சாரம் தரும் கம்பி ஒன்று, எர்த் ஒன்று, சென்சரின் பதிலைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் சிக்னல் கம்பி ஒன்று. லிங்க் என்னும் சிறு தண்டு வழியாக அச்சோடு இணைந்திருக்கும் சென்சரின் கை மேலும் கீழும் அசையும்போது சிக்னல் கம்பியிலுள்ள மின்னழுத்தம் ஏறத்தாழ 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். அந்த எல்லையைத் தாண்டிப் பூச்சியத்துக்கோ முழு 5 வோல்ட்டுக்கோ போனால் கணினி உடனே பிழைக்குறியைப் பதிவு செய்கிறது. கம்பி அறுந்தாலும், ஒன்றோடொன்று ஒட்டினாலும், கனெக்டரில் நீர் புகுந்தாலும் அதே குறிதான் வரும். அதாவது அந்தக் குறி சுட்டுவது சென்சர், கனெக்டர், கம்பி ஆகிய முழுச் சுற்றையும். சென்சரை மட்டும் அன்று. மறுபுறம், சிக்னல் எல்லைக்குள் இருந்துகொண்டு தவறான அளவைச் சொன்னால், கணினிக்கு அது தவறு என்று தெரிய வழி மிகக் குறைவு. வளைந்த பிராக்கெட், தளர்ந்த லிங்க், இடம் மாறிய கை ஆகியவை பெரும்பாலும் எந்த விளக்கையும் எரிய வைக்காமலே வாகனத்தைச் சாய்த்துவிடும்.

வலதுபக்கக் கோளாற்றை அவர் தேடிய முறை பொறுமையானது. உயரக் கட்டுப்பாட்டை அணைத்து, சட்டகத்துக்குக் கீழே ஸ்டாண்டுகளை வைத்த பிறகே வாகனத்துக்கு அடியில் போனார். காற்றுப் பை எந்த நேரத்திலும் இறங்கலாம் என்பதால், ஜாக்கை மட்டும் நம்பி எவரும் அடியில் போகக் கூடாது என்று தன் உதவியாளரிடம் கண்டிப்பாகச் சொன்னார். சென்சரின் கையிலிருந்து லிங்க்கைக் கழற்றி, மீற்றரைச் சிக்னல் கம்பியில் இணைத்து, கையை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினார். அவர் பயன்படுத்தியது முள் உள்ள பழைய வகை மீற்றர். இலக்கம் காட்டும் மீற்றரில் ஒரு கணம் மட்டும் அறுந்து சேரும் சிக்னல் கண்ணுக்குப் படாமல் போகலாம். முள்ளோ அந்த இடத்தில் துள்ளிக் காட்டிவிடும். தடத்தின் மீது உரசி நகரும் வகைச் சென்சர்களில், வழமையாக ஓடும் உயரத்துக்குரிய நடுப்பகுதிதான் முதலில் தேய்கிறது என்றும், ஆகவே இரு ஓரங்களிலும் நல்ல அளவு காட்டுவதை வைத்துச் சென்சர் நல்லது என்று சொல்லிவிடக் கூடாது என்றும் சொன்னார். காந்தப் புலத்தை அளக்கும், உரசாத வகைகளில் இந்தத் தேய்மானம் இல்லை. அவற்றைக் கெடுப்பது உட்புகும் நீரே.

எங்கள் வலது சென்சரில் முள் எங்கும் துள்ளவில்லை. கொழும்பில் சென்சரை மாற்றியது வீண் செலவு என்று அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்து கனெக்டரை இணைத்த நிலையில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலுள்ள வயரிங்கை விரல்களால் ஒவ்வோர் அங்குலமாக வளைத்துக்கொண்டே போனார். பின் அச்சோடு சேர்ந்து வயர்க்கட்டு மேலும் கீழும் வளையும் ஓரிடத்தில், அதைப் பிடித்து வைக்கும் கிளிப் உடைந்து, கட்டு சட்டகத்தின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த ரப்பர்க் குழாயை வெட்டித் திறந்தபோது, சிக்னல் கம்பியின் மேலுறையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு தெரிந்தது. அந்த இடத்தை மடக்கினால் மற்றக் கம்பிகளைப் போல் எதிர்க்காமல் நூல் போலத் தொய்ந்தது. உறையை உரித்ததும் உள்ளே செம்பு பச்சை பூத்து, பொடியாய் உதிர்ந்தது. சில இழைகள் மட்டும் எஞ்சியிருந்தன. மழைநாளில் அந்தப் பிளவு வழியே நீர் உள்ளே ஊறியதும் சிக்னல் எல்லைக்கு வெளியே போய்விட, உலர்ந்ததும் எஞ்சிய இழைகள் ஒருவாறு வேலையைத் தொடர்ந்திருக்கின்றன. அவர் கெட்ட பகுதியை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி நீக்கி, புதிய கம்பித் துண்டைச் சேர்த்து ஈயம் பற்றவைத்து, பசை பூசிய சுருங்கு குழாயால் மூடி, உடைந்த கிளிப்புக்குப் பதில் புதியதைப் பொருத்தி, உரசும் விளிம்பிலிருந்து கட்டை விலக்கிக் கட்டினார். வெறும் டேப்பைச் சுற்றி விடுவது மலைநாட்டில் ஒரு பருவமழைக்குக்கூடத் தாங்காது என்பது அவருடைய கருத்து. எனக்கும் அதில் மறுப்பில்லை.

இடதுபக்கத்தில் காரணம் இன்னும் எளியது. சென்சரைத் தாங்கும் பிராக்கெட் கல் பட்டு வளைந்திருந்தது. தோட்டத்துப் பாதையில் நடு மேட்டுக் கற்கள் அடிபடுவது எங்களுக்குப் புதிதல்ல. பிராக்கெட் வளைந்ததால் சென்சரின் கை உண்மையைவிட உயர்ந்த அளவைச் சொல்ல, கணினி காற்றைக் குறைத்து இடதுபக்கத்தைத் தாழ்த்தி வைத்திருந்தது. லிங்க்கின் நீளத்தைத் திருகிச் சரிசெய்தால் சாய்வு உடனே மறைந்துவிடும். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் கையின் அசைவு ஒருபக்கமாக ஒதுங்கி, முழுச் சுமையிலோ ஆழமான குழியிலோ சென்சர் தன் எல்லையைத் தொட்டுவிடும் என்று கூறி, அவர் பிராக்கெட்டைக் கழற்றி வலதுபக்கத்தோடு ஒப்பிட்டு நேராக்கிய பிறகே, கடைசியில் எஞ்சிய சிறு வித்தியாசத்துக்கு மட்டும் லிங்க்கைத் தொட்டார். பிழைக்குறியை அழித்து, மீண்டும் நாடாவால் அளந்து, திரையிலுள்ள உயரமும் சுவரிலுள்ள உயரமும் ஒத்துவருவதைக் காட்டினார். வாளித் தண்ணீரை வயரிங்கின் மேல் ஊற்றியும் பார்த்தார்.

கம்ப்ரசரைப் பற்றியும் கேட்டேன். கம்ப்ரசர் நீண்ட நேரம் ஓடுவது எப்போதும் அதன் பலவீனமாகாது என்றார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஒரே அளவு அழுத்தத்தை எட்டக் கம்ப்ரசர் கூடுதல் நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது. கொழும்புக் கணக்கை வைத்து மலைநாட்டுக் கம்ப்ரசரைப் பழுதென்று சொல்வது பொருந்தாது. எங்களுடையதைக் காற்று ஏற்றி, கசிவு பார்த்து, மாற்றத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். விற்கக்கூடிய ஒரு பெரிய பாகத்தை விற்காமல் விட்ட இந்த நேர்மைக்காகவே இதை எழுதுகிறேன் என்றாலும் தகும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் ஏற்கெனவே இருந்த வாகனங்களையே எல்லோரும் பழுதுபார்த்து ஓட்டினோம். இப்போதும் வரியும் விலையும் இருக்கும் நிலையில் பலருக்கு அதுவே வழி. இருபது வயதை நெருங்கும் வாகனத்தில் செம்புக் கம்பியும் ரப்பரும் கிளிப்பும் சென்சருக்கு முன்பே களைத்துவிடுகின்றன. அதனால்தான் பாகம் மாற்றத் தெரிந்தவரைவிடக் கம்பியைத் தேடத் தெரிந்தவர் நமக்கு அதிகம் தேவைப்படுகிறார். சரியான உயரம் வெறும் சொகுசு சார்ந்த விடயமும் அல்ல. பின்பகுதி தாழ்ந்தால் முன்விளக்கின் ஒளி மேலே எழும். றம்பொடைப் பாதையில் பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் அந்த ஒளி மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருவதுடன், எதிரே வரும் பஸ்ஸின் சாரதியையும் கூசச் செய்யும்.

குறைகளும் உண்டு. கூரை ஒரு வாகனத்துக்கு மட்டுமே போதுமானது. மழை பிடித்தால் மற்ற வாகனங்கள் வெளியில் காத்திருக்கத்தான் வேண்டும். வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தருவதில்லை. பற்றுச்சீட்டும் கையால் எழுதியது, அதில் என்னென்ன அளவுகள் பார்க்கப்பட்டன என்ற விபரம் இல்லை. சுவரில் சோக்கட்டியால் எழுதிய அளவுகளை நான் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு அடுத்த தடவை பெரிதும் உதவும், அவரும் இதைச் செய்ய வேண்டும். நான்கு சக்கரங்களிலும் காற்றுப் பை உள்ள ஐரோப்பிய வாகனங்களைப் பரிசோதித்துத் தருகிறார். ஆனால் அவற்றில் சென்சரை மாற்றினால் கணினிக்குப் புதிய உயர அளவைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கான கருவி தன்னிடம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அத்தகைய வாகனம் வைத்திருப்பவர்கள் இங்கே காரணத்தை மட்டும் கண்டறிந்துகொண்டு, கடைசி வேலைக்குக் கொழும்பு செல்ல நேரும்.

கட்டண முறை எனக்குப் பிடித்திருந்தது. பரிசோதனைக்கு ஒரு தொகை, பழுதுபார்ப்புக்கு வேறொரு தொகை. பரிசோதித்த பின் வேலையை வேறிடத்தில் செய்துகொள்ளவும் தடையில்லை. பரிசோதனைக்குப் பணமா என்று முகம் சுளிப்பவர்களை அங்கேயே பார்த்தேன். பரிசோதனை இலவசம் என்று சொல்லும் இடத்தில், அந்தச் செலவு ஏதாவது ஒரு பாகத்தை மாற்றித்தான் மீட்கப்படும். எங்களுக்கு முன்பு நடந்ததும் அதுதான். இரண்டு கட்டணங்களையும் சேர்த்தாலும், கொழும்பில் தேவையில்லாமல் பொருத்திய சென்சருக்குக் கொடுத்த பணத்தைவிடக் குறைவாகவே வந்தது.

போக நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். விளக்கு எரிந்தவுடன் பிழைக்குறியை யாரிடமும் அழிக்கக் கொடுக்க வேண்டாம். அதோடு தேடலுக்கான தடயமும் போய்விடும். மழையிலா வெயிலிலா, சுமையோடா வெறுமையாகவா, உயரத்தை மாற்றிய உடனேயா ஓடிக்கொண்டிருக்கும்போதா என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். முன்பு மாற்றிய பாகம் ஏதும் இருந்தால் பழையதையும் எடுத்துச் செல்லுங்கள். கொழும்பில் கழற்றிய எங்களுடைய முதல் வலது சென்சரை அவர் சோதித்து, நல்லது என்று உறுதிசெய்து, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பித் தந்தார். அடிப்பாகத்தைக் கழுவிவிட்டுப் போக வேண்டாம் என்பதையும் அவரே சொன்னார். சேறு எங்கே உரசி நீங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தே பல நேரம் இடத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொன்னார். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் கராஜ் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் வரை திறந்திருக்கும். காலையில் முதல் ஆளாகப் போனால் கூரைக்குக் கீழே இடம் கிடைக்கும்.